ஹீட்டரை வாடகைக்கு எடுப்பதா, விலைக்கு வாங்குவதா? குமுளி, கம்பம் பக்கத்து வீடுகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து மலை ஏறி, எல்லை தாண்டிக் கேரளத்துக் குமுளிக்குக் குடிவருகிறவர்கள் முதல் டிசம்பரில் தவறாமல் கேட்கும் கேள்வி, வெந்நீருக்கு என்ன செய்வது என்பதுதான். கீழே இருந்தவரை மழைக்காலத்தில் மட்டும் அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் வைத்துச் சமாளித்தவர்கள், இங்கே விடியற்காலையில் மாடித் தொட்டித் தண்ணீரைத் தொட்டதும் விரல் மரத்துப்போய் நிற்கிறார்கள். உடனே இரண்டு வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. கடையில் முழு விலை கொடுத்து ஹீட்டர் வாங்கலாம். அல்லது முன்பணம் கட்டி, மாதாமாதம் ஒரு தொகைக்கு வாடகைக்கு எடுக்கலாம். முதன்முறையாக ஹீட்டர் வைக்கிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று படிப்படியாக எழுதுகிறேன்.

அதற்கு முன், இதை எழுத வைத்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அம்மா எங்களுடன் வந்து தங்கியபோது, கீழே சமவெளியில் உள்ள ஒரு கடையிலிருந்து 25 லிட்டர் ஹீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மாத வாடகை குறைவு, பழுது அவர்கள் பொறுப்பு என்று சொன்னதால் வேறெதையும் யோசிக்கவில்லை. டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலை விளக்கு எரிந்தது, தண்ணீர் சுடவில்லை. கடைக்குப் போன் செய்தேன். "அண்ணே, அது கேரளா அட்ரஸ்ல? எங்க பையன் செக்போஸ்ட் தாண்டி வரமாட்டான்ணே, கழட்டிக் கொண்டாந்துருங்க, பாத்துத் தாரோம்" என்றார்கள். பன்னிரண்டு நாட்கள் அம்மாவுக்கு அடுப்பில்தான் தண்ணீர் காய்ச்சினேன். கடைசியில் உள்ளூர் பிளம்பரை அழைத்து அடிமூடியைக் கழற்றிய போது, தண்ணீரைச் சூடாக்கும், விரல் பருமனில் இருக்க வேண்டிய காயில், சுண்ணாம்பு தோய்த்த கரும்புத் துண்டைப்போல வெள்ளையாகத் தடித்து வெளியே வந்தது. அதனடியில் அரை மக்கு அளவுக்கு உப்புச் சில்லுகள் கொட்டின. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் காபி வைக்கும் பாத்திரம்கூட வெளுத்ததில்லை. அந்த உப்பு எங்கள் வீட்டு உப்பு அல்ல. எங்களிடம் வருவதற்கு முன் அந்த ஹீட்டர் யாருடைய போர்த் தண்ணீரையோ ஆண்டுக்கணக்கில் காய்ச்சியிருந்தது.

அன்று நான் புரிந்துகொண்டவை இரண்டு. வாடகை ஹீட்டருக்கு முந்தைய வீடு ஒன்று உண்டு. அடுத்தது, மாதாமாதம் நாம் கொடுக்கும் வாடகையில் பெரும்பகுதி தொட்டிக்கானது அல்ல, பழுதானால் ஆள் வந்து பார்ப்பதற்கானது. அந்த ஆள் மலை ஏறி வரமாட்டார் என்றால் அந்த வாடகைக்கு அர்த்தம் இல்லை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

முதல் படி: எத்தனை மாதம் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அந்த வீட்டில் இன்னும் எத்தனை மாதம் இருக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். வாடகை வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடப்படுகிறது, ஏனென்றால் ஓராண்டைத் தாண்டிய குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் ஒப்பந்தக் காலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் பள்ளி, வேலை மாற்றம், வீட்டுக்காரர் வீட்டை விற்கும் பேச்சில் இருக்கிறாரா என்பவற்றையெல்லாம் வைத்து நேர்மையாக ஓர் எண் எழுதுங்கள். அதோடு, சுவரில் துளை போடவும் குழாய் மாற்றவும் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். சில வீட்டுக்காரர்கள் தாங்களே ஹீட்டர் வாங்கி மாட்டி, வீட்டு வாடகையில் கொஞ்சம் கூட்டிக்கொள்ள ஒப்புக்கொள்வார்கள். கிடைத்தால் குடியிருப்பவருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேறு இல்லை என்பது என் கருத்து. நீங்கள் வீட்டைக் காலி செய்யும்போது கழற்றும் செலவும், பழைய ஹீட்டரைச் சுமந்துபோகும் சிரமமும் இருக்காது.

இரண்டாம் படி: தண்ணீரைச் சோதியுங்கள்

ஹீட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பதில் தண்ணீருக்குத்தான் முதல் இடம். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூடு ஏற ஏறப் பிரிந்து காயிலின் மேல் படிகின்றன. அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே காயிலின் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி, நாளடைவில் அதையே எரித்துவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்தால் உங்கள் எண் தெரிந்துவிடும். அதற்கு நேரமில்லை என்றால், தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், குழாய் வாயில் வெள்ளைப் பூச்சு இருக்கிறதா பாருங்கள், சோப்பு நுரைக்கச் சோம்பல்படுகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் உங்களுடையது உப்புத் தண்ணீர்தான்.

மேலே மலையில் ஊற்றுத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ வருகிற வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. கீழே ஆழமான போர்த் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் அதிகம். உப்புத் தண்ணீர் உள்ளவர்களுக்கு வாடகை ஒரு வகையில் சாதகம்தான், ஏனென்றால் காயிலை மாற்றும் செலவு கொடுத்தவர் தலையில் விழும். ஆனால் பல ஒப்பந்தங்களில் உப்புப் படிவால் வரும் சேதம் சேராது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அந்த வரி இருந்தால் அந்தச் சாதகம் அப்போதே போய்விட்டது. விலைக்கு வாங்குகிறவர்கள், உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியும், உள்ளே மக்னீசியம் ராடும் உள்ள மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். தொட்டியின் இரும்பு அரிக்கப்படாமல் இருக்க, அந்த மக்னீசியம் ராடு தன்னை முதலில் கரைத்துக்கொள்கிறது. எனவே அதை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

மூன்றாம் படி: எத்தனை லிட்டர் என்று கணக்கிடுங்கள்

இதில்தான் மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடு முழுமையாகத் தெரிகிறது. பலர் இதைக் கணக்கில் எடுக்காமலே கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறார்கள். ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு பாகை (டிகிரி செல்சியஸ்) சூடாக்கும். இந்த ஓர் எண் போதும், மற்றவற்றை நீங்களே போட்டுக்கொள்ளலாம். குளிக்க 40 பாகைச் சூடு இதமாக இருக்கும். குமுளியில் டிசம்பர் விடியலில் தொட்டித் தண்ணீர் 15 பாகை என்றும், கம்பத்தில் 27 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு இங்கே 25 பாகை ஏற்ற வேண்டும். 20ஐ 25ஆல் பெருக்கி 860ஆல் வகுத்தால் 0.58 யூனிட் வருகிறது. கம்பத்தில் 13 பாகைதான் ஏற்ற வேண்டும் என்பதால் 0.30 யூனிட் போதும். அதாவது அதே வாளிக்கு மலையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்சாரம். நான்கு பேர் ஆளுக்கொரு வாளி குளித்தால் மாதம் 70 யூனிட் வரை இங்கே கூடும். கேரளத்தில் மாதப் பயன்பாடு 250 யூனிட்டைத் தாண்டினால் அடுக்கு முறை போய், பயன்படுத்திய எல்லா யூனிட்டுக்கும் ஒரே வீதத்தில் கட்டணம் போடுவார்கள் என்பதால், ஏற்கெனவே 200க்கு மேல் போகிற வீடுகள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

தொட்டியின் அளவிலும் இதே கதைதான். 15 லிட்டர் ஹீட்டரில் 60 பாகைக்குச் சூடாக்கிய தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால், கம்பத்தில் 38 லிட்டர் குளியல் தண்ணீர் கிடைக்கும், கிட்டத்தட்ட இரண்டு வாளி. அதே ஹீட்டர் குமுளியில் 27 லிட்டர்தான் தரும். இரண்டாவது ஆள் அரை வாளியோடு வெளியே வருவார். 25 லிட்டர் என்றால் இங்கே 45 லிட்டர் கிடைக்கும். எனவே கீழே 15 லிட்டர் போதுமான குடும்பத்துக்கு மேலே 25 லிட்டர் தேவை. உடனடி ஹீட்டர் என்று விற்கப்படும் 3 லிட்டர், 3 கிலோவாட் வகையை மலையில் குளியலறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது நிமிடத்துக்கு 43 லிட்டரை ஒரு பாகை ஏற்றும் வல்லமை கொண்டது. 25 பாகை ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான் வரும், ஒரு வாளி நிரம்ப 12 நிமிடம் ஆகும். கம்பத்தில் அதே வாளி 6 நிமிடத்தில் நிரம்பிவிடும் என்பதால் அங்கே அது நல்ல பொருள்தான். சமையலறைப் பாத்திரம் கழுவ இரண்டு ஊருக்கும் அது போதும்.

நான்காம் படி: இரண்டு செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் எடுத்துக்கொண்டவை. நீங்கள் விசாரித்த தொகைகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். 25 லிட்டர் ஹீட்டர் 9,000 ரூபாய், மாட்டும் கூலியும் குழாயும் 1,500, போகும்போது கழற்ற 500, முதலாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் உப்பு நீக்கவும் ராடு மாற்றவும் 600 என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு ஓடிய ஹீட்டரை விற்றால் 4,500, இரண்டாண்டு ஓடியது 3,000, மூன்றாண்டு ஓடியது 2,000 கிடைக்கும் என்று கொள்வோம். வாடகைப் பக்கம், மாதம் 350 ரூபாயும் மாட்டும் கூலி 500 ரூபாயும்.

11 மாதம் மட்டும் இருக்கிறீர்கள் என்றால், வாடகைக்கு 4,350 ஆகிறது. வாங்கி விற்றால் கையை விட்டுப் போவது 6,500. இங்கே வாடகை வெல்கிறது. 24 மாதத்துக்கு வாடகை 8,900, வாங்கினால் 8,600. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். 36 மாதம் என்றால் வாடகை 13,100 வரை ஏற, வாங்கிய செலவு 10,200இல் நின்றுவிடுகிறது. ஆக, இந்தத் தொகைகளில் எல்லைக்கோடு இரண்டாண்டு. உங்கள் தொகைகளில் அது 18 மாதமாகவோ 30 மாதமாகவோ வரலாம். முதல் படியில் எழுதிய எண் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். திரும்பி வரும் முன்பணத்தை இதில் சேர்க்காதீர்கள். திரும்பி வருமா என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் அதையும் செலவாகவே எழுதுங்கள்.

மின்கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதானே என்று தோன்றும். அது ஹீட்டர் ஒரே தரத்தில் இருந்தால் மட்டுமே. தண்ணீர் தொட்டியில் சும்மா இருக்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பது, ஹீட்டரின் மின் சிக்கனத்தைக் காட்ட அதன்மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். வாடகைக்கு வரும் ஹீட்டரில் அந்தச் சீட்டே இல்லை, அல்லது கிழிக்கப்பட்டிருக்கிறது என்றால், வேறு ஹீட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: யார் வருவார் என்று கேளுங்கள்

கணக்கு வாடகைக்குச் சாதகமாக வந்தாலும், இந்தப் படியில் தேறாவிட்டால் வாடகையை விட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் உங்கள் வீட்டு அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சொல்லி, பழுதானால் இந்த முகவரிக்கு எந்த ஊரிலிருந்து ஆள் வருவார், எத்தனை நாளில் வருவார், வர முடியாவிட்டால் மாற்று ஹீட்டர் தருவீர்களா என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எல்லையோரத்தில் இது மிகவும் முக்கியம். கம்பத்துக் கடை நமக்குக் கூப்பிடு தூரம் என்றாலும், அவர்களுடைய சேவைப் பகுதி மாநில எல்லையோடு முடிந்துவிடலாம். நம் முகவரிக்குக் கட்டப்பனையிலிருந்தோ கோட்டயத்திலிருந்தோதான் ஆள் வர வேண்டியிருக்கும். இதே கேள்வியை விலைக்கு வாங்கும்போதும் கேட்க வேண்டும், ஏனென்றால் உத்தரவாதச் சீட்டும் ஆள் வந்தால்தான் செல்லும். ஆனால் சொந்த ஹீட்டர் என்றால் உள்ளூர் பிளம்பரை வைத்து நாமே காயில் மாற்றிக்கொள்ளலாம். வாடகை ஹீட்டரை அவர் தொட்டால் ஒப்பந்தம் முறிந்தது என்பார்கள்.

ஆறாம் படி: ஒப்பந்தத்தை உட்கார்ந்து படியுங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டு ஹீட்டரை வாடகைக்கு எடுப்பது வெகு சாதாரணம். டொராண்டோவில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பார்க்கலாம். அங்கே பல ஆண்டுக்கால ஒப்பந்தங்களில் சிக்கி மக்கள் பட்ட பாட்டால், வீட்டு வாசலுக்கு அழைப்பின்றி வந்து ஹீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதை 2018 மார்ச் 1 முதல் தடை செய்தார்கள். வாடகைச் சாதனத்தின் பேரில் வீட்டின் நிலப் பதிவிலேயே உரிமைக் குறிப்பு ஏற்றிவிடும் வழக்கத்தை 2024இல் தனிச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நம் ஊர் வாடகை அவ்வளவு நீண்டதல்ல. ஆனாலும் பார்க்க வேண்டிய இடம் ஒன்றேதான்: வெளியே வரும் வழி.

குறைந்தபட்சம் எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும், முன்னதாகத் திருப்பினால் எவ்வளவு பிடிப்பார்கள், கழற்றி எடுத்துப்போகும் செலவு யாருடையது, முன்பணம் எத்தனை நாளில் வரும் என்பவற்றைத் தேடிப் படியுங்கள். ஹீட்டர் வந்ததும் தயாரித்த மாதமும் ஆண்டும் உள்ள சீட்டைப் படமெடுத்து வையுங்கள். முந்தைய வீட்டில் ஓடியதா என்று நேரடியாகக் கேளுங்கள். ஓடியது என்றால் மாட்டுவதற்கு முன் அடிமூடியைக் கழற்றிக் காயிலைக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யத் தயங்குகிற கடையில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஏழாம் படி: சுவரும் ஒயரும்

வாடகையோ சொந்தமோ, இதில் வேறுபாடு இல்லை. 2 கிலோவாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13 ஆம்பியர் இழுக்கும். எனவே 6 ஆம்பியர் பிளக்கில் சொருகவே கூடாது. தனி ஒயர் இழுத்து 16 ஆம்பியர் பாயின்ட் போட வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒயர்மேனை வைத்து மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்; 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாத வீட்டில், ஹீட்டருக்கு முன் அதைத்தான் வாங்க வேண்டும். காஸில் ஓடும் ஹீட்டரைக் கதவடைத்த குளியலறைக்குள் மாட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாது. அடைத்த குளியலறைகளில் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. குளிருக்காகச் சன்னலை இறுக்கி மூடும் மலை வீடுகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மாட்டிய அன்று

முதலில் தண்ணீர், பிறகுதான் சுவிட்ச். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்று வெளியேறித் தண்ணீர் தடையின்றி வரும்வரை காத்திருங்கள். வெறும் தொட்டியில் சுவிட்ச் போட்டால் புதுக் காயிலும் நிமிடங்களில் எரிந்துவிடும். சூடாகும்போது அடியில் உள்ள பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் பதற வேண்டாம். 25 லிட்டர் தண்ணீர் 15 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போகும்போது 400 மில்லி அளவுக்கு விரிகிறது, அதற்குப் போக இடம் வேண்டும். ஒழுகுகிறதே என்று துணி சுற்றியோ எம்-சீல் வைத்தோ அந்த வால்வை அடைத்துவிடாதீர்கள். ஒரு சின்னக் குழாய் மாட்டி வடிகாலுக்கு விட்டால் போதும்.

பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். 2 கிலோவாட் காயில் உள்ள 25 லிட்டர் ஹீட்டர், குளிர்ந்த தண்ணீரை 60 பாகைக்குக் கொண்டுவந்து விளக்கை அணைக்க, மலையில் 40 நிமிடம் எடுக்கும். உங்கள் ஹீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதைத் தேதியோடு குளியலறைக் கதவின் உட்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் மீண்டும் அளந்து அதற்குக் கீழே எழுதுங்கள். நிமிடம் கூடிக்கொண்டே போனாலோ, சூடாகும்போது இரைச்சலும் வெடிப்புச் சத்தமும் கேட்டாலோ, காயிலில் உப்பு ஏறுகிறது. சொந்த ஹீட்டர் என்றால் பிளம்பரையும், வாடகை ஹீட்டர் என்றால் ரசீதில் எழுதி வாங்கிய அந்த ஊர் ஆளையும் அது எரிவதற்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.